வேளாண்மை மாணவரின் தேர்ச்சியை அளப்பது எங்ஙனம்?

வேளாண்மைப் பட்டம் பெற்றவரின் சொல்லை நம்பி உழவர் விதைக்கிறார். சொல் பிழைத்தால் ஒரு பருவமே வீணாகும். எனவே, எழுத்துத் தேர்வு மட்டும் மாணவரின் தேர்ச்சியைக் காட்டிவிடாது. 1960-ல் பந்த்நகரில் தோன்றிய நாட்டின் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்தது. மதிப்பீட்டிலும் அவ்விணைப்பு விளங்குதல் வேண்டும்.

நெல் விதையின் முளைப்புத்திறன் சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர் 400 விதைகளை நூறு நூறாக நான்கு பிரிவுகளாக்கி முளைக்க வைக்கிறார். 14-ஆம் நாளில் இறுதியாக எண்ணுகிறார். சான்று விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்பு வேண்டும் என்பதை எவரும் மனப்பாடமாக எழுதிவிடலாம். ஆசிரியர் காணவேண்டியவை வேறு. நல்ல விதைகளாகப் பொறுக்கி எடுக்காமல், கலந்த விதையினின்று எண்ணினாரா? இயல்பற்ற நாற்றுகளைக் கணக்கினின்று நீக்கினாரா? ஒரு பிரிவில் 92, மற்றொன்றில் 60 என வந்தால், சராசரியோடு அமையாமல் சோதனையை மீண்டும் நடத்தினாரா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் வகுத்து, மாணவருக்கு முன்னரே அறிவித்தல் நலம்.

இறுதியாண்டில் மாணவர் கிராமத்தில் தங்கிப் பணியாற்றுங்கால், சோதனை முடிவை உழவருக்கு விளக்குவதைக் களப்பணியாளர் கவனித்துக் குறிப்பெழுதலாம். அக்குறிப்பு ஆசிரியரின் மதிப்பெண்ணோடு சேரும்போதே மதிப்பீடு முழுமை பெறும்.