நிலக்கடலைக் கொழுந்து வெளுக்கிறதா? கடல் பாசி சொல்லும் பாடம்

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் விதைத்த நிலக்கடலை, மூன்று நான்கு வாரத்தில் கொழுந்து வெளுத்து நிற்பதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பீர்கள். தழைச்சத்து போதவில்லை என்று நினைத்து யூரியா போடுவோம். காசு செலவாகும், பயிர் பச்சைக்குத் திரும்பாது. இதே சிக்கல் கடலிலும் உண்டு. அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டால் வயலில் செய்ய வேண்டியதும் விளங்கும்.

கடலில் விளையும் பயிர்

கடலின் மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. தாவர மிதவை உயிரிகள் அல்லது பைட்டோபிளாங்க்டன் என்று இவற்றுக்குப் பெயர். பயிரைப் போலவே இவையும் சூரிய ஒளி, தண்ணீர், கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றால் நடக்கிறது. கடல் மீன்களுக்கு அடிப்படைத் தீவனமும் இவைதான்.

இவற்றுக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, நுண்ணூட்டங்கள் வேண்டும். ஆனால் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடலிலும், பசிபிக் பெருங்கடலின் வட பகுதியிலும் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிச்சம் கிடந்தும் பாசி குறைவாகவே இருந்தது. காரணம் நெடுநாள் தெரியவில்லை.

குறைந்தது இரும்பு

1988-ல் அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டினும் அவரது குழுவினரும் விடை சொன்னார்கள். வட பசிபிக் கடல்நீரைப் பாட்டில்களில் எடுத்துத் துளி இரும்புச்சத்து சேர்த்தபோது பாசி செழித்து வளர்ந்தது.

கடல்நீரின் கார அமில நிலை ஏறக்குறைய 8. அதில் ஆக்சிஜனும் கலந்திருப்பதால் இரும்பு துருப்போல மாறி, கரையாமல் அடியில் இறங்கிவிடுகிறது. ஆற்று நீரும் பாலைவனத் தூசியும் சரியாக எட்டாத நடுக்கடலில் இரும்புக்குப் பஞ்சம்தான்.

சுண்ணாம்பு மண்ணிலும் இதே கதை. மண்ணில் இரும்பு நிறைய இருக்கும். ஆனால் கார நிலையில் கரையாது, வேரால் எடுக்க முடியாது.

ஒளிச்சேர்க்கையில் இரும்பின் வேலை

பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம். ஆனாலும் பச்சையம் உருவாக இரும்பு தேவை. பிடித்த ஒளியின் ஆற்றலைக் கைமாற்றி உணவாக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் புரதங்களிலும் இரும்பு இருக்கிறது. இரும்பு குறைந்தால் அந்தச் சங்கிலி அறுபடும். பிடித்த ஒளியில் ஒரு பங்கைப் பாசி வீணாக மங்கிய சிவப்பு ஒளியாக வெளியே விட்டுவிடும். இந்த ஒளிர்வைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தே, எந்தக் கடற்பகுதியில் இரும்பு குறைவு என்று கணிக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நைட்ரேட்டாக இருக்கும் தழைச்சத்தைப் பயன்படுத்தவும் இரும்பு வேண்டும். மானாவாரி, புன்செய் மண்ணில் போடும் யூரியா பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் மாறுகிறது. அதனால்தான் இரும்பு இல்லாத இடத்தில் யூரியாவைக் கூட்டியும் பலன் தெரிவதில்லை.

கடலில் கலந்த அன்னபேதி

1995-ல் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். நாம் இலைவழி தெளிக்கும் அதே அன்னபேதி உப்பைக் கரைத்து, மூன்று தவணையாகச் சுமார் 450 கிலோ இரும்பைக் கடலில் கலந்தார்கள். சில நாட்களில் அங்கே பச்சையத்தின் அளவு 20 மடங்குக்கு மேல் கூடியது.

2009-ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென் பெருங்கடலில் 'லோஹாஃபெக்ஸ்' என்ற சோதனையை நடத்தின. இம்முறை எதிர்பார்த்த அளவு பாசி பெருகவில்லை. சிலிக்காவால் ஓடு கட்டும் டயாட்டம் பாசிகள், அங்கே சிலிக்கா தீர்ந்துபோயிருந்ததால் வளரவில்லை. வளர்ந்த சிறு பாசிகளையும் சின்னஞ்சிறு கடல் உயிரிகள் மேய்ந்துவிட்டன. ஒரு குறையைத் தீர்த்தால், அடுத்துக் குறைவாக இருக்கும் சத்து விளைச்சலைத் தடுக்கும்.

வயலில் செய்ய வேண்டியவை

• அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. கொழுந்தில் நரம்பும் சேர்ந்து வெளுத்தால் கந்தகக் குறையாக இருக்கலாம்.

• இரும்புக் குறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளிக்கவும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம்.

• கரைசலை அன்றே பயன்படுத்தவும். பழுப்பு நிறமானால் இரும்பு துருவாகிவிட்டது என்று பொருள்.

• வயலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். தேங்கினால் குறை கூடும்.

• அடுத்த விதைப்புக்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். பேரூட்டத்தோடு நுண்ணூட்டமும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையைப் பார்த்து உரம் வாங்கினால் வீண் செலவு குறையும்.