வருகிற கடிதம் வருகிறது, போகிற கடிதம் போகவில்லை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் நெடுக, பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் மேல்மாடியில் இயங்கும் சிறு அலுவலகங்களுக்கு இது பெரிய செய்தி. வழக்கறிஞர்கள், கணக்கர்கள், பயண முகவர்கள், அச்சகத்தார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தனியாகக் கணினிப் பிரிவு கிடையாது. தெரிந்த பையன் ஒருவன் வருவான். விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். திரை பளிச்சென்று இருக்கும், பழைய கோப்புகளும் பத்திரமாக இருக்கும், இன்பாக்ஸில் புதுக் கடிதங்களும் வந்து விழும். மத்தியானம் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போதுதான் அது அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

அப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இணையம் வேலை செய்கிறது, கடிதம் வருகிறது. அப்புறம் ஏன் போகவில்லை?" இதற்குச் சரியான விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தெரியாததால்தான் கணினியையே மறுபடி அழித்து ஏற்றுகிறார்கள்; ஒரு நாள் பிழைப்பு போகிறது.

கடிதத்தைப் பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு வழிகள். பெறுவதற்கு ஐமேப் அல்லது பாப் என்ற முறை; அனுப்புவதற்கு எஸ்எம்டிபி. சர்வர் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு முறை எல்லாம் இரண்டுக்கும் தனித்தனி. சில மென்பொருள்களில் கடவுச்சொல்லைக்கூட இரண்டு இடங்களில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் இன்னொன்றும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எஸ்எம்டிபியின் விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அன்றைய வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். உங்கள் பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்கக் கடவுச்சொல் கேட்டார்கள். அனுப்புகிறவரிடம் எதுவும் கேட்கவில்லை. உறையின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் தபால்பெட்டி வாங்கிக்கொள்வதைப்போல, 25ஆம் எண் போர்ட்டில் வந்த எல்லாவற்றையும் சர்வர்கள் வாங்கி அனுப்பின. குப்பை அஞ்சல் பெருகிய பிறகுதான் அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடிதம் ஒப்படைப்பதற்கென்று 587ஆம் போர்ட் 1998இல் வரையறுக்கப்பட்டது. அனுப்புகிறவரிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறை 1999இல் வந்தது. எனவே நம் கணினிகளில் இருக்கும் பழைய அமைப்புகள் பல, அந்த நம்பிக்கைக் காலத்தின் மிச்சங்கள்.

மலேசியாவில் இந்த மிச்சம் இன்னும் கொஞ்சம் ஆழமானது. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங்கில் கணக்கு வைத்திருந்தவர்கள் அதன் சர்வர் வழியாகவே கடிதம் அனுப்பினார்கள். பிறகு டிஎம்நெட், ஸ்ட்ரீமிக்ஸ் காலத்திலும் அதே வழக்கம். சொந்த டொமைனில் முகவரி வைத்திருந்த கடைகள்கூட, வெளிச்செல்லும் சர்வராக இணையம் தந்த நிறுவனத்தின் பெயரையே போட்டுவைத்தன. அந்த நிறுவனத்தின் கம்பி வழியாக வருகிறவரை நம்பு, வெளியிலிருந்து வருகிறவரைத் தள்ளு என்பதுதான் அந்தச் சர்வர்களின் விதி. இணைய இணைப்பை மாற்றினால், கைப்பேசி இணையத்தில் இணைந்தால், கடிதம் நின்றுவிடும். ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. ஆனாலும் பழைய கணினியிலிருந்து புதியதற்கு அப்படியே நகலெடுக்கப்பட்டு வந்த அமைப்புகளில் இப்படிச் செத்துப்போன பெயர்கள் இருக்கக்கூடும். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்செல்லும் சர்வர் என்ற கட்டத்தைத்தான். உங்கள் மின்னஞ்சலை இப்போது யார் நடத்துகிறார்களோ, அவர்களுடைய சர்வர் பெயர் மட்டுமே அங்கே இருக்க வேண்டும்.

சரி, இயங்குதளத்தை மேம்படுத்தும்போது உண்மையில் என்ன மாறுகிறது? சில நேரம் மென்பொருளே மாறிவிடுகிறது. விண்டோஸ் 10இல் பலர் பயன்படுத்திய 'மெயில்' செயலி 2024 டிசம்பர் 31க்குப் பிறகு கடிதம் அனுப்பவோ பெறவோ உதவாது. அதன் இடத்தில் புதிய அவுட்லுக் வந்து நிற்கிறது. சில நேரம் சேமித்துவைத்த கடவுச்சொல் புதிய இடத்துக்கு வருவதில்லை. சில நேரம் மறைகுறியீட்டின் வயது பிரச்சினையாகிறது. டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பு உறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. தண்டர்பேர்ட் அதற்கு முந்தைய ஆண்டே 78ஆம் பதிப்பில் அவற்றை ஏற்பதை நிறுத்தியது. உங்கள் டொமைனை நடத்தும் மலிவு ஹோஸ்டிங் இன்னும் பழைய சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தால், புதிய கணினி அதோடு பேசவே மறுக்கும். குற்றம் கணினியில் இல்லை. ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட்டு டிஎல்எஸ் 1.2 இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

கடவுச்சொல்லின் கதையும் மாறிவிட்டது. வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளிச்செயலிகள் உள்ளே வருவதைத் தனிநபர் கணக்குகளுக்கு ஜிமெயில் 2022 மே 30இல் நிறுத்தியது, அவுட்லுக்.காம் 2024 செப்டம்பர் 16இல் நிறுத்தியது. முன்பு ஒரு தடவை உள்ளே வந்து தங்கிவிட்ட பழைய அமைப்பு, மேம்படுத்திய பிறகு புதிதாக உள்ளே வர முயலும்போதுதான் இந்த மாற்றம் தெரிகிறது. ஜிமெயிலுக்கு ஒரு வழி உண்டு: இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அதைப் போடலாம். முடிந்தால் அதையும் தவிர்த்து, கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கம் திறக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து.

இனிப் பிழைச் செய்திக்கு வருவோம். அது ஆங்கிலத்தில் நீளமாக வரும். வந்தவுடனே 'ஓகே'யை அழுத்திவிடுகிறோம். தயவுசெய்து அழுத்தாதீர்கள், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் கணினி சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர் பதில் சொல்லியிருக்கிறது என்று பொருள். இணையம், ரவுட்டர், கம்பி எதையும் தொட வேண்டியதில்லை. 535 என்றால் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை. பயனர் பெயராக முகவரியின் முன்பகுதியை மட்டும் போட்டிருப்பீர்கள், முழு முகவரியைப் போட்டுப் பாருங்கள். 530 என்றால் பெரும்பாலும், அடையாளம் காட்டாமலே அனுப்பப் பார்த்திருக்கிறீர்கள். வெளிச்செல்லும் சர்வருக்கும் அங்கீகாரம் தேவை என்ற சிறு கட்டத்தில் டிக் விழாமல் இருக்கும். மேம்படுத்திய பிறகு அமைப்பைப் புதிதாகப் போடும்போது பலரும் தாண்டிப்போகும் கட்டம் அது. 550 அல்லது 554 வந்து, கூடவே 'ரிலே' என்ற சொல்லும் இருந்தால், நீங்கள் அந்தச் சர்வருக்கு அந்நியர். எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடைதான். எதையும் மாற்றாமல் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

எண்ணே இல்லாமல், இணைக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் வந்தால் கடவுச்சொல்லை ஆயிரம் முறை மாற்றினாலும் பயன் இல்லை. இங்கே பார்க்க வேண்டியவை வேறு. போர்ட் 25 இருந்தால் உடனே மாற்றுங்கள். 465 என்றால் முதல் நொடியிலிருந்தே மறைகுறியீடு. 587 என்றால் சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளைக்குப் பிறகு மறைகுறியீடு. இந்த ஜோடியை மாற்றி, 465க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று போட்டால், இரு பக்கமும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்து நேரம் கடந்துவிடும். அடுத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் அலுவலக இணைப்பு அந்தப் போர்ட்டை மறிக்கிறது. அதிலும் போகாவிட்டால், மின்னஞ்சலைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகியுங்கள். அது நடுவில் நின்று தன் சொந்தச் சான்றிதழைக் காட்டும் பழக்கம் உள்ளது. மேம்பாட்டில் அந்தச் சான்றிதழ் தொலைந்திருக்கலாம். கணினியின் தேதி தவறாக இருந்தாலும் எந்தச் சான்றிதழும் செல்லாது.

மேம்பாடே நேரடியாகக் கோளாறு செய்ததும் உண்டு. 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, அதற்கு மாறிய அவுட்லுக் பயனர்கள் பலருக்கு 0எக்ஸ்800சிசிசி13 என்ற பிழை வந்தது, கடிதம் போகவில்லை. அமைப்புகள் எல்லாம் சரியாகவே இருந்தன. சிதைந்த கணினிக் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டியதும் தீர்ந்தது. இன்றும், மற்ற எல்லாம் சரி என்று உறுதியான பிறகு முயலத் தகுந்த மருந்து அது. மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: இணைப்பு அமைப்புகளைத் தானாகவே நிர்வகிக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் போட்ட போர்ட்டை அது மாற்றிவிடக்கூடும். அங்கே வெளிச்செல்லும் சர்வர்களின் பட்டியல் தனியாக இருப்பதால், கணக்கு ஒன்று, சர்வர் வேறொன்று என்று தவறாகக் கோத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான். நடைபாதைகளில் பதித்த மஞ்சள் தடக்கற்களைத் தொட்டு நடக்கும் பலர் இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள், படிக்கிறார்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளின் குரலைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு மின்னஞ்சல் செயலி மாறுவது, மனப்பாடமாகியிருந்த விசைப்பலகைப் பாதை முழுவதும் மாறுவது. ஓரத்தில் இரண்டு நொடி தோன்றி மறையும் பிழைச் செய்தி அவர்கள் காதுக்கு எட்டாமலே போகலாம். கடிதம் போய்விட்டதாகவே நம்பியிருப்பார்கள். அப்படி ஒருவருக்குக் கணினியை மேம்படுத்திக் கொடுப்பவர், சோதனைக் கடிதம் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, 'அனுப்பியவை' கோப்புறையைத் திரைவாசிப்பில் எட்டும் வழியையும் அவருக்குக் காட்டிவிட்டே எழ வேண்டும்.

அலுவலக மூலையில் இருக்கும் நகல் இயந்திரத்தையும் மறக்காதீர்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் இயந்திரங்களுக்கும் தனி எஸ்எம்டிபி அமைப்பு உண்டு. கணக்கு மென்பொருளுக்கும் உண்டு. மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்துள்ள இந்த நாட்டில், அந்த மென்பொருளிலிருந்து கடிதம் போகாமல் நிற்பது பணம் வராமல் நிற்பதற்குச் சமம். கணினியில் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த இரண்டிலும் மாற்ற வேண்டும்.

அவசரத்தில் செய்யும் ஒரு தவறான வைத்தியம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அலுவலக டொமைன் முகவரியை வைத்துக்கொண்டே, வெளிச்செல்லும் சர்வராக வேறு யாருடையதையோ போட்டுவிடுகிறார்கள். கடிதம் போகும், அவுட்பாக்ஸ் காலியாகும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல், எஸ்பிஎஃப் என்ற பெயரில் பொதுவில் இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்தச் சரிபார்ப்பை இறுக்கிவிட்டன. பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து போகும் கடிதம் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் விழக்கூடும். அவரும் பார்க்க மாட்டார், உங்களுக்கும் தெரியாது. போகாத கடிதத்தைவிட இது மோசம். அதேபோல, சரிசெய்து தருகிறேன் என்று தானாகவே தொலைபேசியில் வருகிறவருக்குக் கணினியைத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல் கைமாறினால், உங்கள் பெயரிலேயே, வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்ட விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போகும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சோதனை. மின்னஞ்சலில் தமிழ் அனுப்பும் முயற்சியில் கோலாலம்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்ததுதான். 2001இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே கூடியது. அந்தக் காலத்தில் டிஸ்கி போன்ற குறியீடுகளில் எழுதிய கடிதங்களைப் புதிய கணினியில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறித் தெரியும். அவை அழியவில்லை, குறியீடு மாற்றியில் இட்டால் மீளும். வெளிச்செல்லும் கடிதத்தில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு நோய். அனுப்பும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. பெற்றவர் என்ன செய்தாலும் திரும்பாது. பழைய அவுட்லுக்கில் வெளிச்செல்லும் கடிதங்களுக்கு விரும்பும் குறியீடு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது மேற்கு ஐரோப்பியம் என்று இருந்தால் யுடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். பிறகு தலைப்பிலும் உடலிலும் தமிழ் எழுதி, உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று, வேறு நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கும் நண்பருக்கு ஒன்று என அனுப்பிப் பாருங்கள். இரண்டிலும் தலைப்பு சரியாகத் தெரிந்த பிறகு, கோயில் கமிட்டிக் கூட்ட அழைப்பை எல்லாருக்கும் அனுப்பலாம். ஆனால் தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது. பட்டியல் பெரிதென்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.