செல்லப் பூனையின் மறைவும் மேய்ப்புப் பணியும்

சபையாரின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர், மறைந்த பெற்றோருக்காகவோ துணைவருக்காகவோ அழுவோரை மட்டுமன்றி, பல்லாண்டுகள் வீட்டோடு வாழ்ந்து முதுமையுற்று இறந்த பூனைக்காகக் கண்ணீர் விடுவோரையும் காண நேரிடலாம். என்ன சொல்வதென்று அறியாத நிலையில், "ஒரு பூனைதானே" என்று கூறி விடைபெறுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லாலேயே, அவ்வில்லத்தார் பிற்காலத்தில் தம் பெருந்துயரங்களையும் ஆயரிடம் மறைத்துக்கொள்ள நேரலாம். இத்துயரத்தின் இயல்பு யாது? திருமறை இதற்கு இடமளிக்கின்றதா? ஆயர் செய்யத்தக்கது என்ன? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

1. துயரத்தின் இயல்பு

நன்கு பேணப்படும் வீட்டுப் பூனை 12 முதல் 18 ஆண்டுகள் வரை வாழ்வதுண்டு. 15 வயதுப் பூனை, மனிதருள் 75 வயதைக் கடந்த முதியவருக்கு ஒப்பானது. பள்ளியில் சேர்ந்த பிள்ளை படித்து முடித்து வேலை தேடி வெளியூர் செல்வதற்குள் உள்ள காலம் அது. எனவே அப்பூனை இறக்கும்போது, குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியே முடிவுற்றதாக வீட்டார் உணர்கின்றனர். மறைந்த கணவர் ஆசையோடு வளர்த்த பூனை எனின், கைம்பெண் ஒருவர் அதனோடு தம் கணவரையும் மறுமுறை இழக்கின்றார்.

மேலும், பிரிவு முதலில் உறைப்பது அன்றாடப் பழக்கங்களில்தான். மீன் அரியும்போது காலடியில் குரல் கேட்பதில்லை. விடியற்காலையில் கதவைத் திறக்கச் சொல்லிப் பிறாண்டுவாரில்லை. தனித்து வாழும் முதியோருக்கு, நாள்தோறும் தம்மை எதிர்பார்த்திருந்த ஒரே உயிர் அதுவாக இருந்திருக்கலாம்.

இழப்பை வெளிப்படையாகக் கூறவோ பலரறியத் துக்கம் காக்கவோ சமுதாயம் இடந்தராத நிலையை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் தாம் தொகுத்து வெளியிட்ட நூலில், உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். வளர்ப்பு விலங்கின் மறைவு இதற்குத் தக்க சான்றாகும். துக்கம் விசாரிக்க வருவாரில்லை. அலுவலகத்தில் விடுப்பும் இல்லை. பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று கருதும் நம் ஊர்களில், அதற்காக அழுவது நகைப்புக்கும் இடமாகின்றது. பண்டைய எகிப்தில் நிலை வேறாக இருந்தது. வீட்டில் பூனை இயற்கையாக இறப்பின் அவ்வீட்டார் தம் புருவங்களை மழித்துக்கொள்வர் என்று ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அவர்களுடைய சமய நம்பிக்கை நமக்கு ஏற்புடையதன்று. எனினும், துயரத்தை வெளிப்படுத்த அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. நம்மவர் அதனை மறைத்தே சுமக்கின்றனர்.

2. குற்றவுணர்வு

இத்துயரத்தோடு பெரும்பாலும் குற்றவுணர்வும் சேர்ந்துவருகின்றது. "முன்பே கவனித்திருந்தால் பிழைத்திருக்குமே" என்பர். இங்கு உண்மையை எடுத்துரைப்பதே ஆறுதலாகும். பூனை தன் நோயையும் வலியையும் வெளிக்காட்டாது மறைக்கும் இயல்புடையது. முதிய பூனைகளுக்குப் பரவலாக வரும் நாட்பட்ட சிறுநீரக நோயில், சிறுநீரகத் திசுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும் வரை வெளிப்படையான அறிகுறிகள் தோன்றாதிருக்கலாம். அன்போடு வளர்த்தவர் கவனிக்கத் தவறினார் என்பதற்கு இது சான்றாகாது.

தீராத வேதனையிலிருந்த பூனையைக் கால்நடை மருத்துவரின் ஊசியால் சாகவிட இசைந்தவரின் மனப்போராட்டம் இன்னும் கடுமையானது. "நானே கொன்றுவிட்டேன்" என்று அவர் கூறுவார். மனித உயிரைப் பற்றிய அறநெறி விவாதத்தை இங்கு அப்படியே கொண்டுவருதல் முறையாகாது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட உயிரின் நலன் கருதி, அதன் வேதனையை நீட்டிக்க மறுத்ததும் பொறுப்புள்ள பராமரிப்பே. நீதிமான் தன் மிருகத்தின் நிலையை அறிந்தவன் (நீதி. 12:10) என்னும் கருத்தினை அத்தகையோருக்கு எடுத்துக்காட்டலாம்.

3. திருமறையின் சாட்சி

நம் திருமறையின் 66 நூல்களில் வீட்டுப்பூனையைப் பற்றிய குறிப்பு இல்லை. தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய எரேமியாவின் நிருபம் மட்டும், விக்கிரகங்களின்மேல் வந்து அமரும் உயிர்களுள் பூனையையும் சேர்க்கின்றது. ஆயினும் விலங்குகளின்மீது கடவுளுக்குள்ள அக்கறை திருமறை முழுவதிலும் காணப்படுகின்றது. நோவாவோடு செய்த உடன்படிக்கை சகல உயிர்களையும் உள்ளடக்கியது (ஆதி. 9:8-17). யோனாவின் நூல், நினிவேயின் மிருகஜீவன்களை நினைவுகூரும் கடவுளின் வினாவோடு முடிகின்றது. ஐந்து குருவிகள் இரண்டு காசுக்கு விற்கப்பட்டும் அவற்றுள் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்கின்றார் ஆண்டவர் (லூக். 12:6). ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் (மத். 10:29) எனில், ஐந்தாவது குருவி விலையின்றிச் சேர்க்கப்பட்டது. சந்தையில் விலைபெறாத அதுவும் கடவுளின் நினைவில் உள்ளது.

"எங்கள் பூனையை மறுமையில் காண்போமா?" என்னும் வினாவும் எழும். விலங்கின் ஆன்மா உடலோடு அழியும் என்றார் தாமஸ் அக்குவினாஸ். ஜான் வெஸ்லியோ, ரோமர் 8:19-22ஐ ஆதாரமாகக் கொண்டு 1781இல் வெளியிட்ட அருளுரையில், விலங்குகளும் மீட்கப்பட்டு மேன்மையடையும் என்று நம்பினார். சி. எஸ். லூயிஸ் 1940இல் எழுதிய நூலில், பழக்கிய விலங்குகள் தம்மை நேசித்த மனிதர் வழியாக நிலைவாழ்வில் பங்குபெறலாம் என்ற கருத்தைத் தயக்கத்தோடு முன்வைத்தார். திருமறை திட்டவட்டமாகக் கூறாததை நாம் வாக்களித்தல் தகாது. அது மறுக்காததை மறுத்தலும் தகாது. படைப்பு முழுவதும் விடுதலைக்காகக் காத்திருக்கின்றது என்பதே நாம் துணிந்து கூறக்கூடியது.

4. ஓர் எதிர்வாதம்

"மனிதர் பசியால் வாடும் நாட்டில் பூனைக்காக அழுவதா?" என்பர் சிலர். இவ்வினாவைப் புறக்கணிக்கலாகாது. ஆயின் ஒன்றன்மேல் வைத்த அன்பு மற்றொன்றைக் குறைத்தே தீரும் என்பதில்லை. நாத்தான் கூறிய உவமையில், ஏழை தன் ஆட்டுக்குட்டியை மகளைப்போல மடியில் வளர்த்தான் (2 சாமு. 12:3). அந்த அன்பைத் தீர்க்கதரிசி எள்ளவில்லை. அதனையே வாயிலாகக் கொண்டு, உரியாவுக்கு இழைத்த அநீதியை அரசனுக்கு உணர்த்தினார்.

ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் பூனை ஹாட்ஜ், முதுமையிலும் நோயிலும் சிப்பி இறைச்சியன்றி வேறெதையும் உண்ண இயலாதிருந்தது. ஜான்சன் தாமே கடைக்குச் சென்று அதனை வாங்கிவருவார் என்றும், ஒரு விலங்குக்காக ஏவப்பட்டதாகத் தம் பணியாளர் பிரான்சிஸ் பார்பர் மனம் புண்படலாகாது என்பதே அதற்குக் காரணம் என்றும் ஹெஸ்டர் பியோட்சி அம்மையார் 1786இல் எழுதினார். பார்பர் ஜமெய்க்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர். பூனையின் பசியும் பணியாளரின் தன்மானமும் ஒரே உள்ளத்தில் இடம்பெற்றன. நம் அன்பைச் சோதிக்கும் உரைகல்லும் இதுவே.

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, செவிகொடுத்துக் கேட்க வேண்டும். பூனையின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அதனைக் குறிப்பிடுதல் நன்று. "வேறொரு குட்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று உடனே கூறலாகாது.

இரண்டாவது, எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் விளக்கிய ஐந்து நிலைகளை வரிசைப்படி ஏறவேண்டிய படிகளாகத் துயருறுவோர்மேல் சுமத்தலாகாது. அவை சாவை எதிர்நோக்கிய நோயாளரிடம் அவர் கண்டறிந்தவை.

மூன்றாவது, குழந்தைகளிடம் "தூங்குகிறது" என்று சொல்லாமல், "இறந்துவிட்டது, இனி வலி இல்லை" என்று மெய்யாகவே கூற வேண்டும். தூக்கம் என்று கேட்ட குழந்தை தானும் உறங்க அஞ்சக்கூடும்.

நான்காவது, சபையின் அடக்க ஆராதனை மனிதருக்குரியது. அதனை இங்குப் பயன்படுத்துதல் பொருந்தாது. ஆயினும் தோட்டத்தில் புதைத்த இடத்தருகே குடும்பமாக நின்று, அவ்வுயிரைத் தந்த படைப்பாளருக்கு நன்றி கூறிச் சுருக்கமாக மன்றாடத் தடையேதுமில்லை.

ஐந்தாவது, உணவும் உறக்கமும் பல வாரங்கள் கெடுமாயின், அல்லது வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு எழுமாயின், தாமதமின்றி மருத்துவ உதவியை நாடச் செய்தல் ஆயரின் கடமை. தனித்து வாழ்வோரை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் சென்று காணல் வேண்டும். வெறுமையாகிவிட்ட அவ்வீட்டில், அவரை எதிர்பார்த்திருக்க இப்பொழுது ஒருவருமில்லை. அவரைத் தேடிவருவதற்கு ஒரு சபையாவது உண்டு என்பதை அவர் அறியட்டும்.