கையைக் கழுவிட்டுத் தொடுங்க!

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். அதனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு, கழுத்து நிற்பதற்கு முன்போ நின்ற கையோடோ, அப்பா வீட்டுக்கு ஒரு நெடும் பயணம் காத்திருக்கிறது. மதுரைப் பக்கம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிய கையோடு தாய்மார்கள் கேட்பது இதைத்தான்: "எப்ப சிஸ்டர் பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போகலாம்?"

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொல்லும் நாள்தான் நல்ல நாள். நிறைமாதமாய்ப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தையாக இருந்தாலும், தடுப்பூசி அட்டையைப் பார்த்துதான் தேதி குறிக்க வேண்டும். பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைக்கான ஊசி போட்டுவிடுவோம். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பானுக்கு எதிரான பென்டாவேலன்ட் 6, 10, 14 ஆவது வாரங்களில். அதுவரை, கருவில் இருந்தபோது தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தியும் தாய்ப்பாலும்தான் காவல். ஐந்தாம் மாதம் அனுப்பிவைக்கும் குடும்பங்கள் தெரிந்தோ தெரியாமலோ மூன்று தவணையையும் முடித்துவிடுகின்றன. அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள் 6 ஆவது வார ஊசியாவது போட்டு, ஊசிக் காய்ச்சல் அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

என் மகள் பேத்தியோடு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன். கீழ் பெர்த், சுவர்ப் பக்கம் குழந்தை, வெளிப்பக்கம் தாய். வீட்டில் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திப் புடவைதான் விரிப்பு. ரயில் கம்பளியைக் குழந்தைமேல் போடவில்லை. அதை மாதம் ஒருமுறையாவது துவைக்கிறோம் என்று ரயில்வே அமைச்சரே 2024இல் மக்களவையில் சொல்லியிருக்கிறார். ஒரு மாதத்தில் அது எத்தனை பேரைப் போர்த்தியிருக்கும்! ஏசிக் காற்று நேரே படாமல் குல்லாவும் ஒரு மெல்லிய துணியும் கூடுதலாக இருந்தால் போதும். முகத்தை மட்டும் மூடக்கூடாது.

பெட்டியின் அழுக்கைவிட எனக்குப் பயம், பாசமாய் நீளும் கைகள்தான். கம்பியைப் பிடித்த கை, செல்போனைத் தடவிய கை, மூக்கைத் துடைத்த கை. பெரியவர்களுக்கு வெறும் சளியாகப் போகும் கிருமி, ரெண்டு மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறலாக மாறலாம். "கொஞ்ச நேரம் கொடும்மா" என்று எதிர் சீட்டு அம்மா கேட்டால் எப்படி மறுப்பது? பழியை டாக்டர்மேல் போடுங்கள். "யார்கிட்டயும் கொடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா" என்று என் மகள் சொன்னாள். அந்த அம்மா தூர இருந்தே கொஞ்சிவிட்டுப் போனார்.

டயப்பர் மாற்றிய பின் சானிடைசர் மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு சோப்புக்குத்தான் போகும்; 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். பையில் சோப்பும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் புட்டி, ஃபிளாஸ்க் என்று எந்தச் சுமையும் இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. பேருந்தில் போகிறவர்களுக்கு, நம் பேருந்து நிலையங்களில் 2015இல் தொடங்கிய தாய்ப்பால் ஊட்டும் அறைகள் இருக்கின்றன. கேட்டுப் பயன்படுத்துங்கள். காரில் போனால் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் உயிருக்கே ஆபத்து.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கவனத்தை விட்டுவிடக் கூடாது. ஆலம் சுற்றி முடிப்பதற்குள் பத்துக் கைகள் நீளும். கன்னத்திலும் உதட்டிலும் முத்தம் விழும். யாராவது தேன் தொட்டு நாக்கில் வைக்க வருவார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைக் கக்கும். "சம்பந்தி, ஆசையாத் தூக்குங்க, கையை மட்டும் கழுவிட்டு வந்துருங்க" என்று நான் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசல் குழாயடியில் சோப்பு வைத்துவிட்டுத்தான் எங்களை வரவேற்றார்.

பயணத்திலோ அதற்குப் பிறகோ மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கை வைத்தியம் பார்க்காதீர்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு உள்வாங்குவது, ரெண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரயிலில் என்றால் 139, வெளியே என்றால் 108. இந்த ரெண்டு எண்ணையும் கிளம்புவதற்கு முன்பே போனில் பதிந்து வையுங்கள்.