கம்ப்யூட்டர் சன்னலுக்கு ஒரு கரை

எம்பிராய்டரி, ஒயர் கூடை, பொம்மை செய்தல் என்று நமக்கு எத்தனையோ பொழுதுபோக்குகள். என்னுடையதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டர் திரையில் வேலைக்கு ஒரு சன்னல் திறக்கிறதே, அதன் சட்டத்தையும் பொத்தான்களையும் நானே வரைந்து மாற்றுகிறேன். இதற்குத் 'தீம்' என்று பெயர்.

எங்கள் தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம்தான். எங்கள் வீட்டிலிருந்தும் வெட்டின துணியைப் பெண்கள் வாங்கிப்போய்த் தைத்துத் தருகிறார்கள். யாருக்கு எத்தனை டஜன் போயிற்று, எத்தனை திரும்பியது என்ற கணக்கு அத்தையின் பொறுப்பு. நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அதை அவர்கள் விடவில்லை. ஒரு டஜன் விட்டுப்போனால் ஒருத்தியின் கூலியல்லவா போகிறது!

சர்க்கரை நோய் அவர்கள் கண்ணையும் தொட்டது. விழித்திரை பாதித்திருக்கிறது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சிகிச்சையும் நடந்தது. ஆனால் திரை முன்னால் உட்கார்ந்தால், "எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும்மா. எது எங்க முடியுதுன்னே தெரியல. இனிமே நீயே பாத்துக்கோ" என்று விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச மேசைத்திரை. அதன் சன்னல் சட்டம் மூலை, பக்கம், பொத்தான் என்று சின்னச் சின்னப் படத் துண்டுகளால் ஆனது. எக்ஸ்பிஎம் என்ற வகைக் கோப்புகள் அவை. திறந்து பார்த்தால் உள்ளே வெறும் எழுத்துகள்! ஓர் எழுத்துக்கு ஒரு நிறம், ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். கிராஸ் ஸ்டிச் மாதிரிப் படமேதான். (ஊசி மட்டும் குத்தாது.)

இந்த ஒற்றுமை என் கற்பனை அல்ல. 1984இல் வந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் படக்குறிகள் வரைந்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணி. கட்டம் போட்ட நோட்டு வாங்கி, 32க்கு 32 கட்டங்களில் ஒவ்வொன்றாக நிரப்பித்தான் அவர் ஆரம்பித்தார். ஊசி வேலையும் மொசைக்கும் தெரிந்திருந்தது உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990இல் வந்த விண்டோஸ் சாலிடேர் சீட்டுகளும் அவர் வரைந்தவைதான்.

இப்போதைய சன்னல்களுக்குக் கரை ஒரு நூலளவுதான். நான் சேலைக்கரை போல அகலமாக்கினேன், அரக்கு நிறத்தில். தலைப்புப் பட்டையில் வெளிர்மஞ்சள் எழுத்து. கணக்குத் தாளுக்கும் வெள்ளை போய் வெளிர்மஞ்சள். மூடும் பொத்தானை மற்றவற்றிலிருந்து பிரித்து இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கை தவறிப் படாது. அத்தை நிறத்துக்கு நிறம் குறை சொல்ல, மூன்று மத்தியானம் ஓடியது. நாலாம் நாள், "ஏம்மா, இந்த வாரம் ரெண்டு டஜன் இடிக்குதே, யாரு தரணும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்டதுபோல் சந்தோஷம் எனக்கு வேறில்லை.

செய்து பார்க்க ஆசையா? இருக்கிற தீம் ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, அதில் கை வையுங்கள். மூல தீம் அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் சட்டத்தை எளிதில் மாற்ற முடியாது. ஆனால் அமைப்புகளில் 'காண்ட்ராஸ்ட் தீம்ஸ்' பகுதியில் நிறங்களை நம் கண்ணுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: பார்வை மங்கினால் முதலில் கண் டாக்டர், அப்புறம்தான் தீம். சர்க்கரை உள்ளவர்கள் மங்கும்வரை காத்திராமல் வருடம் ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.