கூலியாகக் கிடைத்த கறி

டெக்ஸாஸ் உணவகங்களில் இரும்புத் தட்டில் புகைபறக்க வரும் ஃபாஹிட்டா, ஒரு காலத்தில் கூலிக்காரர்களின் சாப்பாடு. 1930களில் ரியோ கிராண்ட் ஆற்றையொட்டிய பண்ணைகளில் மாடு அடித்தால், நல்ல கறி முதலாளிக்கு. தலை, குடல், தோல், உதரவிதானத் தசை எல்லாம் மாடு மேய்த்த மெக்சிகத் தொழிலாளர்களுக்கு. அது கூலியில் ஒரு பகுதி.

நார் நிறைந்த அந்தத் தசையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, தணலில் சுட்டு, நாருக்குக் குறுக்கே நறுக்கி, ரொட்டியில் சுருட்டித் தின்றார்கள். ஸ்பானிய மொழியில் 'ஃபாஹா' என்றால் கச்சை. ஃபாஹிட்டா, சின்னக் கச்சை. தசையின் பட்டை வடிவத்தால் வந்த பெயர்.

1969இல் கைல் என்ற ஊரின் விழாவில் கறி வியாபாரி சன்னி ஃபால்கன் இதைக் கடைபோட்டு விற்றார். 1980களில் நாடெங்கும் மவுசு கூட, விலையும் எகிறியது. கச்சையே இல்லாத கோழிக்கும் இறாலுக்கும்கூடப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூலிக்கு ஈடாகத் தள்ளிவிட்ட கறியை, கூலிக்காரர் யோசித்து வாங்க வேண்டியதாயிற்று.