மெருகுக்குக் கொடுக்கும் விலை

புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் கிணற்றடி வெயிலில் பளபளப்பதைக் கண்டு மகிழாதவர் நம்மில் அரியர். ஆயினும், அக்குடத்துக்கு அந்த ஒளியைத் தந்த புளித்தண்ணீர் வாய்க்காலில் வழிந்தோடும்போது, களிம்போடு கூடக் குடத்தின் உடம்பிலிருந்தும் அணுவளவு கரைத்து எடுத்துக்கொண்டே போகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் அவரினும் அரியர். குடத்தின் தகடு கனமானதாகையால் அந்த நஷ்டம் இரண்டு மூன்று தலைமுறைக்கும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதே பித்தளையை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக மெலிவித்து, குழாயாக வளைத்து, வாயைப் பூப்போல் விரித்துச் செய்த ட்ரம்பெட், கார்னெட் முதலிய ஊதுகருவிகளின் விஷயத்திலோ, அக்கணக்கு அத்தனை தாராளமானதன்று.

அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்திலுள்ள எல்க்ஹார்ட் என்னும் சிறு நகரம், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் சார்லஸ் ஜெரார்ட் கான் என்பவர் தொடங்கிய தொழிற்சாலையினால் வாத்தியக் கருவிகளுக்குப் பெயர்போன ஊராயிற்று. அக்காலத்துக் கார்னெட்டுகள் இன்றும் அந்நாட்டு வீடுகளின் பரண்களிலிருந்து வெளிப்படுகின்றன. கறுத்த வெள்ளி முலாமும், ஒடுக்கு விழுந்த வாயும், இறுகிப்போன வால்வுகளுமாகக் கிடைக்கும் அத்தகைய கருவி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கியவர், அதைப் புதிதுபோல் ஆக்கவேண்டும் என்ற ஆசையோடு பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போதுதான், வாங்கிய விலையைச் சீர்திருத்தும் விலை விழுங்கிவிடும் விந்தையைக் காண்கிறார். மருந்துநீரில் இட்டுக் கழுவுவது நூறு டாலர் அளவில் முடியக்கூடும். பாகம் பாகமாகப் பிரித்து, ஒடுக்கெடுத்து, பழைய பூச்சை நீக்கி, மெருகிட்டு, மீண்டும் முலாம் பூசி, வால்வுகளையும் செப்பனிடும் முழு வேலையோ ஆயிரம் டாலரை எட்டும். அதைக் கடந்தும் செல்லும். இத்தொகையில் வெள்ளியின் விலையும் அரக்கின் விலையும் அற்பமே. பெரும்பகுதி தேர்ந்த கைகளின் மணிக்கணக்கான உழைப்புக்குரிய கூலி. ஆனால், பட்டறைக்காரர் எழுதித் தரும் சீட்டில் ஏறாத வேறொரு செலவும் உண்டு. அதைக் கருவியே தன் உடம்பிலிருந்து செலுத்துகிறது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். இவ்வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த மஞ்சள் பித்தளை. இவ்விரண்டில் துத்தநாகமே இரசாயன வினைகளுக்கு எளிதில் வசப்படுவது. வாசிப்பவரின் மூச்சிலுள்ள ஈரமும், எச்சிலிலுள்ள உப்பும், உணவின் புளிப்பும் குழாயின் உட்புறத்தில் நாள்தோறும் படிந்துகொண்டிருக்க, துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சுபோல் வலுவிழந்து எஞ்சுகிறது. வாய்வைக்கும் பாகத்தை அடுத்த முதற்குழாயே இந்நோய்க்கு முதலில் இரையாவது. வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றுமாயின், நோய் உள்ளிருந்து தகட்டைத் தின்று வெளியே வந்துவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும். மேலைநாட்டுத் தொழிலாளிகள் இதைச் 'சிவப்பு அழுகல்' என்று கூறுவர். எவ்வளவு வெள்ளியைப் பூசினாலும் இது தீராது. பரிகாரம் அக்குழாயை மாற்றுவது ஒன்றே. இதனாலேயே, செம்பு மிகுந்து துத்தநாகம் குறைந்த சிவப்புப் பித்தளையில் முதற்குழாயைச் செய்யும் வழக்கம் பல தொழிற்சாலைகளில் ஏற்பட்டது.

ஒடுக்கெடுக்கும் வேலை, பார்ப்பதற்குப் பாத்திரக் கடைக்காரர் வேலைபோல் இருப்பினும், அதனினும் நுட்பமானது. குழாயினுள் எஃகுக் குண்டுகளைச் செலுத்தி, வெளியே வழுவழுப்பான கருவியால் தேய்த்து, பள்ளத்தைச் சிறிது சிறிதாக மேலே கொணர்கிறார்கள். ஒவ்வொரு முறை நெளியும்போதும் நிமிரும்போதும் பித்தளை கடினப்பட்டு, நெகிழும் குணத்தை இழக்கிறது. தீயில் காய்ச்சி ஆறவிட்டால் அக்குணம் திரும்புமாயினும், காய்ச்சிய வாய்த்தகடு அடுத்த சிறு மோதலுக்கே நசுங்குமளவு மென்மையாகிவிடுவதும், பற்றவைத்த ஈயம் இளகிவிடுவதும் உடன்வரும் இடர்கள்.

பித்தளையினுள் இவ்வாறு அடங்கிக் கிடக்கும் இறுக்கம் எத்தகைய நாசத்தை விளைவிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சரித்திர சாட்சியம் உண்டு. ஆங்கில ஆட்சிக் காலத்தில், பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் முழுவதும் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது, எவரும் தொடாமலேயே அவற்றின் உறைகள் வெடித்துப் பிளந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், மழைக்காலத்து ஈரமும், உறையை இழுத்து உருவாக்கியபோது தகட்டில் தங்கிவிட்ட இறுக்கமும் ஒன்றுகூடியதே அதற்குக் காரணம் என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் 1921இல் விளக்கினர். அளவான சூட்டில் வைத்தெடுத்து அந்த இறுக்கத்தைத் தணித்துவிட்டால் பிளவு நேராது. பலமுறை ஒடுக்கெடுக்கப்பட்ட பழங்கருவியை அம்மோனியா கலந்த மெருகுநீரால் துடைக்கலாகாது என்ற எச்சரிக்கையின் பொருள் இப்போது விளங்கும்.

அடுத்தது மெருகு. சுழலும் துணிச்சக்கரத்தில் மெருகுக்களிம்பைப் பூசிக் கருவியை அழுத்தும்போது கறை மட்டும் நீங்குவதில்லை. கறைக்குக் கீழிருந்த உலோகமும் நீங்குகிறது. சித்திரச் செதுக்கல்கள் மழுங்குகின்றன. கருவியின் வயதை அறிவதற்குச் சாதனமான வரிசை எண் தேய்கிறது. விளிம்புகள் கூர்மை இழக்கின்றன. வெள்ளி முலாம் பூசிய கருவியாயின் நஷ்டம் இன்னும் விரைவானது. 1840இல் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் சயனைடுக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி வெள்ளியைப் படியவைக்கும் முறைக்கு உரிமம் பெற்ற பின்னர் இம்முலாம் எங்கும் பரவியது. எனினும் அது எத்துணை நேர்த்தியானதோ அத்துணை மெல்லியது. அறியாதவர் கறுப்பைக் களையப்போய் வெள்ளியையே களைந்து, மஞ்சள் நிறம் வெளிப்பட்ட பின்னரே விழித்துக்கொள்வர். பழம்பொருள் சேகரிப்பவர்கள், புதிதாக மெருகிட்ட கருவியைவிட மங்கிய முதற்பூச்சோடு உள்ள கருவிக்கு மிகுந்த விலை கொடுப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின் எந்தச் செலவு நியாயமான செலவு? நாதம் பிறப்பது உதட்டின் அதிர்வினாலும், குழாயினுள் அடைபட்ட காற்றுத்தூணின் அதிர்வினாலுமே. உலோகச் சுவரின் பங்கு மிகச் சிறிது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற ஆங்கில ஒலியியல் நிபுணர், கனம் மட்டுமே வேறுபட்ட வாய்த்தகடுகளைக் கொண்ட ட்ராம்போன்களை, எது எதுவென்று அறியாத வண்ணம் தேர்ந்த வித்துவான்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்தபோது, அவர்களால் வேறுபாட்டை இனங்காண இயலவில்லை. தகட்டின் கனமே இவ்வாறாயின், மேற்பூச்சு குரலை மாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்காகப் பெரும்பணம் செலவிடுவது எத்துணைத் தகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். வால்வுகளின் நிலை வேறு. ஸ்டோல்ஸெல், ப்ளூமெல் என்னும் இரு ஜெர்மானியர் 1818இல் உரிமம் பெற்று, பின்னர் பாரிஸ் நகரத்துப் பெரினே திருத்தியமைத்த வால்வினுள், உருளைக்கும் உறைக்கும் இடையேயுள்ள வெளி தலைமயிரின் பருமனில் பாதி அளவே. தேய்மானத்தால் அவ்வெளி விரியுமாயின் காற்று கசிந்து, சுரம் தளர்ந்து, வாசிப்பவருக்கு வீண் சிரமம் உண்டாகும். உருளைக்கு நிக்கல் முலாமிட்டுப் பருக்கச் செய்து, மீண்டும் உறைக்கு இசையத் தேய்த்துப் பொருத்தும் வேலைக்குக் கொடுக்கும் கூலி, கண்ணுக்கன்றிக் காதுக்குப் பயன்படும் கூலியாகும்.

அருங்காட்சியகங்களில் இப்பிரச்சினை இன்னும் கூர்மை அடைகிறது. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் சமாதியில் கிடைத்த இரண்டு எக்காளங்களின் ஓசையை 1939இல் பி.பி.சி. வானொலி கெய்ரோவிலிருந்து ஒலிபரப்பியது; மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மௌனமாயிருந்த உலோகத்தில் மனித மூச்சின் ஈரத்தைச் செலுத்த இன்றைய பாதுகாப்பாளர் அத்தனை எளிதில் இசையமாட்டார். ஊதாத கருவி பாதி உயிர்தான் என்பாரும் உளர். இவ்விரு கட்சிக்கும் நடுவே நின்ற ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், உலோகத்தை ஊடுருவி நீரை மட்டும் காட்டித்தரும் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு, வாசித்து முடித்த பழங்கருவிகளினுள் ஈரம் எங்கே தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கண்டறிய முற்பட்டனர். வாசித்தபின் சிறு விசிறியினால் உள்ளே காற்றைச் செலுத்தி உலர்த்திவிடுவதே நல்ல காப்பு என்பது அவ்வாராய்ச்சியின் பயன்களில் ஒன்று.

நம் வீட்டு முதியவர்கள் துலக்கிய குடத்தைச் சுவரோரம் கவிழ்த்துவைத்ததும் நீர் தங்கலாகாது என்ற இந்தக் கவலையினாலேயே. அதற்கு எந்தப் பட்டறையிலும் கூலி கிடையாது. உலோகத்திலும் ஓர் அணு குறைவதில்லை.